பொன்மலைக்கு ஒரு கால்

முற்றிற்று என்று போட்டிருந்தது. முற்றும் என்றுகூட இல்லை, முற்றிற்று; மேலே ஒரு பூ, கீழே ஒரு பூ, நடுவில் அந்தச் சொல், பெட்டியில் கிடத்தி மாலை சாத்தின மாதிரி. தைரியநாதன் அந்தத் தாளின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். புதுப் புத்தகத்தில் சில நேரம் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்கும், பைண்டிங்காரன் கத்தி படாமல் விட்டிருப்பான், எச்சில் தொட்டுத் தேய்த்தால் பிரிந்து உள்ளே இருப்பதைக் காட்டும். பிரியவில்லை. வீட்டிலும் தேய்த்தாயிற்று, பஸ்ஸிலும் தேய்த்தாயிற்று, இப்போது இந்தக் கண் ஆஸ்பத்திரி பெஞ்சில். முற்றிற்றுக்கு அடுத்த பக்கம் பின்னிணைப்பு, அப்புறம் பாடபேதங்கள், அப்புறம் அருஞ்சொற்கள், அப்புறம் பெயரடைவு, எல்லாம் இருக்கிறது, கல்யாணச் சாப்பாட்டில் சாதத்தைத் தவிர மற்றதெல்லாம் பரிமாறின கதையாக. என் அத்தியாயம் எங்கேய்யா? பக்கத்தில் பிலோமி அக்கா கண்களை மூடிக்கொண்டு, வலது புருவத்துக்கு மேல் ஒரு துண்டு பிளாஸ்திரியோடு, பூசையில் முதல் வரிசையில் உட்கார்கிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு அவளுக்கு அந்தக் கண்ணில் புரை எடுக்கிறார்கள். சொட்டு மருந்து விட்டாகிவிட்டது. கண்ணுக்குள் இருக்கிற பாப்பா விரிகிற வரைக்கும் திறக்கக் கூடாதாம், பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் உள்ளே போகலாமாம். மடியில் முந்தானைக்கு அடியில் ஜெபமாலை மணி ஒவ்வொன்றாக நகர்ந்துகொண்டிருந்தது. “என்னடா பரபரன்னு தேச்சுக்கிட்டே இருக்கே? பரண்ல எலி பிறாண்டுற மாதிரி.” “ஒண்ணுமில்லக்கா, படிக்கிறேன்.” “படிக்கிறவன் தேய்ப்பானா? எதையோ தொலைச்சவன் மாதிரியில்ல சத்தம் வருது. என்ன புத்தகம்?” “பென்ஷன் ரூல்ஸ்,” என்றார் தைரியநாதன். பொய் அவருக்கு எப்போதும் கொட்டாவி மாதிரி தானாக வரும், வந்த பிறகுதான் வாயை மூட வேண்டும் என்று தோன்றும்.

புத்தகத்தின் பெயர் கால் திருடிய காடு. அவருக்கு ஏழு வயதில் அக்கா வாசித்துக் காட்டியது. அப்போது அது ஒல்லியாக, அட்டை பிய்ந்து, பொன்மலை ரயில்வே இன்ஸ்டிட்யூட் நூலக முத்திரையோடு இருந்தது. இப்போது செங்கல் கனம். ஆய்வுப் பதிப்பாம், விரிவான விளக்கக் குறிப்புகளுடனாம். போன வாரம் மெயின்கார்டு கேட் கடைத்தெருவில் ஒரு புத்தகக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெயரைப் பார்த்ததும் அவர் நடுரோட்டில் நின்றுவிட்டார், ஆட்டோக்காரன் ஒருத்தன், யோவ் பெருசு, கால் இருக்கா இல்லையா, என்று கத்தினான், அதுவே ஒரு சகுனமாகப் பட்டது. நடக்க ஆசைப்பட்ட ஒரு காடு. அது வேரை நீட்டி நீட்டி ஊருக்குள் விட்டு, எழுத்துகளின் துணைக்காலை ராவோடு ராவாக உருவிக்கொண்டு போகிறது. விடிந்து பார்த்தால் டம்ளரில் பால் இல்லை, பல் கிடக்கிறது. மாடு கட்டின இடத்தில் மடு. ராஜா முகத்தைத் தடவினால் தாடி தடியாகி மடியில் விழுகிறது. போகப்போகக் கால் என்கிற சொல்லின் காலையே காடு உருவிவிட, நின்றவன் நின்றபடி கல். ஊரில் நல்லமுத்து ஒருத்தன்தான் பாக்கி, ஏனென்றால் அவன் பெயரில் கால் இல்லை, இல்லாதவனிடம் எதைத் திருடுவது? அந்த இடம் வந்ததும் ஏழு வயதுத் தைரியநாதன் அலறிவிட்டான். அவன் பெயரில் நட்டநடுவில், ந-வுக்குப் பக்கத்தில், ஒரு கால் நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு ராத்திரி முழுக்கப் போர்வைக்குள் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அழுதவனை அக்கா உலுக்கி, சரி, இன்னையிலேருந்து உன் பேர் தைரியம், அதுல கால் இல்ல, தூங்கு, என்றாள். பொன்மலை முழுக்க இன்றைக்கும் அவர் தைரியம்தான். எலி ஓடினால் கட்டில்மேல் ஏறி நிற்கிற ஆளுக்கு எந்த மடையன் இந்தப் பெயர் வைத்தான் என்று கேட்காத வாய் இல்லை.

இந்தக் குறிப்பு எழுதினவன் சாமானியப்பட்டவன் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். பக்கத்தில் பாதிக்குக் கதை, பாதிக்கு அவன். கதை நடந்து போகிறது, இவன் அடியில் பொடி எழுத்தில் கூடவே ஓடி வருகிறான், தேர் வடத்துக்குக் கீழே ஓடுகிற நாய் மாதிரி. ராஜாவின் தாடி, பத்திரிகையில் தொடராக வந்தபோது மீசையாக இருந்தது, மீசையில் கால் இல்லாததால் ஆசிரியர் புத்தகமாக்கும்போது மாற்றினார். அடேயப்பா! மூன்றாம் அத்தியாயத்தில் அம்மா கல், அப்பா கல், மாமா கல், அண்ணா மட்டும் அப்போதைக்குத் தப்பித்தது ஏன்? பழைய அச்சில் ணா, றா, னா மூன்றுக்கும் கால் தனியாக நிற்காது, உடம்போடு சுருண்டு கிடக்கும், காட்டின் வேருக்கு அது பிடிபடவில்லை. இன்றைய எழுத்தில் இந்த நகைச்சுவை மறைந்துவிட்டது. இதைப் படித்தபோது தைரியநாதன் வீட்டில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சுருண்ட கால்! அக்கா அவன் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டினாளே, ணா, இப்படிச் சுழிச்சு, வாலை உள்ள இழுத்துக்கணும், கிச்சுகிச்சு மூட்டினதே, அது எத்தனை காலம் எங்கே போய்ப் படுத்திருந்தது? ஒவ்வொரு குறிப்புக்கும் ஒன்று எழுந்து வந்தது. வெந்நீர் அடுப்புப் புகை வந்தது, பாய்லர் ஷாப்பிலிருந்து வருகிற அப்பாவின் காக்கிச் சட்டை எண்ணெய் வாடை வந்தது, அம்மா இறந்துபோன வருஷத்து வீடு வந்தது. அவ்வளவையும் கொண்டு வந்தவன், இவ்வளவு துருவினவன், நான்கு பதிப்பையும் பத்திரிகைத் தொடரையும் ஆசிரியரின் கையெழுத்துப் படியையும் வரிக்கு வரி ஒப்பிட்டேன் என்று முன்னுரையில் மார்தட்டுகிறவன், கடைசி அத்தியாயத்தை மட்டும் எப்படி விட்டான்? விட்டிருப்பானா? நேற்று அவர் பெயரடைவில் தேடினார். ப-வில் பசு, பல், பனைமரம், பால். பொன்மலை இல்லை. ர-வில் ராஜா, ராணி. ரயில் இல்லை. வ-வில் வண்டு, வாள், வேர். வேகன் இல்லை. எங்கேயும் இல்லை. ஒருவேளை எனக்குத்தான்.

ஒருவேளை எனக்குத்தான் என்கிற இடத்துக்கு வந்ததும் நினைப்பு கால் இடறி நின்றது, நான்கு நாளாக இதே இடத்தில்தான் இடறுகிறது. வருகிற திங்கட்கிழமை மறதி டாக்டரிடம் கூட்டிப் போகிறான் பையன். மறதி டாக்டர் என்று அவன் சொல்லவில்லை, சும்மா ஒரு செக்கப் என்றான், சீட்டில் நரம்பு என்று போட்டிருந்தது, மருமகள் ஸ்டெல்லாதான் போனில் யாரிடமோ தாழ்ந்த குரலில், சொன்னதையே சொல்றாங்கப்பா, அதுவும் தடவைக்கு ஒரு மாதிரி, என்றாள். அதென்ன புதுசா? தடவைக்கு ஒரு மாதிரி சொல்வதுதானே தொழிலே! காவிரியில் ஒரு முதலை சிக்னல் விளக்கை விழுங்கிவிட்டு, வாயைத் திறந்தால் பச்சை, மூடினால் சிவப்பு, எக்ஸ்பிரஸ் வண்டி மாதிரி வந்த பரிசல்காரன் அது சிவப்புக் காட்டினதும் நடு ஆற்றில் நிறுத்திக்கொண்டு நின்றான் என்று, வேலை பார்த்த காலத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப் கேண்டீனில் சொன்னால், போன தடவை பரிசல் இல்லையே தைரியம், தோணியில்ல, என்பான் ஒருத்தன், இது வேற முதலைடா, அதோட தம்பி, என்பார் இவர். அப்படித்தான் ஓடிற்று. ஆனால் முதலை பொய் என்று அவருக்குத் தெரியும். அதுதான் விஷயம். பொய்யை எல்லாம் ஒரு பக்கம், நிஜத்தை எல்லாம் ஒரு பக்கம் பிரித்து வைத்திருந்தார், இது நாள் வரைக்கும் சாவி அவரிடம்தான் இருந்தது. போன மாதம் சனிக்கிழமை ஞாயிறென்று நினைத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்ப் பூட்டின கதவைத் தட்டினார். கூடவே வேலை பார்த்தவனின் பெயர் வாய்வரைக்கும் வந்து திரும்பிப் போயிற்று. அதெல்லாம் போகட்டும், வயது. ஆனால் இந்த அத்தியாயம் நிஜத்தின் பக்கம், அடியில், அஸ்திவாரத்தில் வைத்திருந்தது. இது இல்லையென்றால், இதுவும் நானே கட்டிக்கொண்டது என்றால், அப்புறம் எது இருக்கிறது? மேலே அடுக்கினதெல்லாம்? அம்மா? அக்கா உள்ளங்கையில் எழுதின ணா?

சாட்சி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. கேட்டுவிட வேண்டியதுதானே. அக்கா, கால் திருடிய காட்டில் கடைசியாக வருமே, வேகன், அது இருந்ததுதானே? ஒரு நிமிஷ வேலை. ஆனால் அவள், எந்தக் காடு, என்று கேட்டுவிட்டால்? அவளுக்கும் எழுபத்தெட்டு. எனக்கு அதெல்லாம் ஞாபகமே இல்லடா, என்று அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டால் திங்கட்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம், இங்கேயே கீழே இறங்கி எந்த டாக்டர் இருந்தாலும் காட்டிவிட்டுப் போய்விடலாம். கேட்காத வரைக்கும் பாதி பிழைப்பு. வெள்ளைத் தொப்பி போட்ட சிஸ்டர் பெண் வந்து அக்காவின் முகவாயைத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்தாள். “பாப்பா இன்னும் விரியலம்மா. இன்னொரு சொட்டு விடுறேன்.” “எழுபத்தெட்டு வயசுப் பாப்பாம்மா அது, மெதுவாத்தான் விரியும்.” சிஸ்டர் சிரித்தாள். “பயமா இருக்காம்மா?” “எனக்கென்ன பயம்? பயமெல்லாம் இந்தா உக்காந்திருக்கானே, இவனுக்கு. இவன் பேரைக் கேளு, சிரிப்பே.” சொல்லிக்கொண்டே இருந்தாள், மணி உருட்டுகிற விரல் மட்டும் நின்றிருந்தது. மருந்து வழிந்து கன்னத்தில் இறங்கிற்று. சிஸ்டர் பஞ்சால் ஒற்றிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனாள். வரிசையாகக் கண்ணை மூடிக்கொண்டு நெற்றியில் பிளாஸ்திரியோடு ஒரு கூட்டமே கல்லாக உட்கார்ந்திருந்தது, காடு வந்து போன ஊர் மாதிரி.

வேகன் இருந்தது. அதில் சந்தேகமில்லை. குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் சைடிங் தண்டவாளத்தில், இனி ஓடாது என்று கண்டம் பண்ணி நிறுத்தின கூட்ஸ் வேகன், துருவும் பழைய வெல்லமும் சேர்ந்து ஒரு வாடை. தங்கச்சிமடத்துச் சித்தி வந்த நாள் அது. அம்மாவின் தங்கை, பிள்ளை இல்லாதவள், மாநிறம், கை நிறையக் கண்ணாடி வளையல், கருவாட்டுப் பையோடு அன்று காலையில்தான் இறங்கினாள், சாயங்காலம் ராமேஸ்வரம் வண்டியில் திரும்ப வேண்டும். அம்மா போன பிறகு இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தள்ளாடுகிற மச்சானுக்கு ஒன்றையாவது குறைத்துவிடலாம், பையனைத் தான் வளர்க்கிறேன் என்று கேட்டிருந்தாள், அப்பாவும் சரி என்றிருந்தார். அவனுடைய இரண்டு சட்டை தகரப் பெட்டியில் மடித்து வைத்தாயிற்று. அவனுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. கடல், படகு, தினம் மீன். மத்தியானம் சாப்பிட்ட கையோடு அக்கா, டேய் தைரியம், கதையில கடைசி பாக்கி இருக்கு, கேட்டுட்டுப் போயிடு, அங்கேயெல்லாம் இந்தப் புத்தகம் கிடைக்காது, என்று கூட்டிக்கொண்டு போனாள். வேகன் கதவை ஒரு விரல் இடம் விட்டுத் தள்ளிச் சாத்திவிட்டு, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வாசித்தாள். கதை நினைத்த மாதிரி முடியவில்லை. எல்லாக் காலையும் காடு திருப்பிக் கொடுத்துவிட்டது, ஆனாலும் ஒரு கால் மிச்சம். யாருடையது? பாலுக்கு வந்தாயிற்று, மாட்டுக்கு வந்தாயிற்று, ராஜாவுக்குத் தாடி வந்தாயிற்று. நல்லமுத்து அந்தக் காலைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலேறிப் பொன்மலைக்கு வருகிறான். நம்ம பொன்மலைக்கா? ஆமாடா, நம்ம பொன்மலைதான், குறுக்கே பேசாதே. அங்கே குன்று அழுதுகொண்டிருக்கிறது. நான் ஆதியில் மலை இல்லை தம்பி, மாலை, பொன்மாலை, என் காலை உருவி என்னைக் கல்லாகக் கிடத்திவிட்டார்கள், அதைக் கொண்டா, நான் எழுந்து மாலையாகிக்கொள்கிறேன். ஆனால் கால் ஒட்ட வேண்டுமே! கோந்து போட்டான், விழுந்துவிட்டது. சோற்றுப் பசை போட்டான், விழுந்துவிட்டது. பாய்லர் ஷாப்பில் போய் ரிவெட் அடித்துக்கொண்டு வந்தான், பாதி நின்றது. ஒட்டுகிற வரைக்கும் நல்லமுத்து ஒரு வேகனுக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியே ஒருத்தி வருவாள். கதையைக் கேட்கிறவன் பெயர் எதுவோ அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள், வா ராசா, வா ராசா, என்பாள், பதில் மட்டும் சொல்லிவிட்டால் தீர்ந்தது, கால் போய்விடும், கல். அப்படி அக்கா வாசித்து வாய் மூடவில்லை, வெளியே தண்டவாளத்து ஜல்லியில் சரக்சரக்கென்று நடை, வளையல் சத்தம், தைரியநாதா, ராசா, எங்கப்பா இருக்கே? அவன் மூச்சை நிறுத்திக்கொண்டான். அக்காவின் கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது. நடை வேகனைச் சுற்றி வந்தது, நின்றது, இன்னொரு தரம் கூப்பிட்டது, தூரமாகப் போயிற்று. எப்பேர்ப்பட்ட புத்தகம்! பிற்காலத்தில் கேண்டீனில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், இப்ப எழுதுறானுங்களே, அதெல்லாம் எழுத்தாடா, அந்தப் புத்தகத்துல ஒருத்தி கூப்பிடுவா பாரு, இந்தக் காதால கேட்டேன், வளையல் சத்தத்தோட.

அப்புறம் ராமேஸ்வரம் வண்டி ஊதிற்று. நீளமாக, ஜங்ஷன் பக்கத்திலிருந்து. அக்கா உடனே, ஆச்சு, ஒட்டிக்கிச்சு, மலை மாலையாயிடுச்சு, வா, வீட்டுக்குப் போலாம், என்று கதவைத் தள்ளினாள். வெளியே நிஜமாகவே மாலை, குன்றின் முதுகெல்லாம் மஞ்சள், புத்தகத்தில் எழுதியிருந்த மாதிரியே. சித்தி அழுதுகொண்டே வண்டியேறிவிட்டாள். அப்பா பெல்ட்டைக் கழற்றினார். எங்கடி போனே? கதை படிச்சுக்கிட்டிருந்தோம்ப்பா, சுவாரசியத்துல நேரம் போனதே தெரியல. அக்கா அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை, அடி நின்ற பிறகும் பேசவில்லை. அப்பா புத்தகத்தை வெந்நீர் அடுப்பில் செருகினார், இன்ஸ்டிட்யூட்டுக்கு என்ன பதில் சொன்னாரோ தெரியாது. அதோடு அந்தப் புத்தகம் தீர்ந்தது. அவன் தங்கச்சிமடத்துக்குப் போகவில்லை. அக்காவின் படிப்பு அந்த வருஷத்தோடு நின்றது, அவனுக்குச் சோறு வடித்துப் போட ஆள் வேண்டுமே. சுவாரசியத்தில் நேரம் போனது தெரியவில்லை. இதை அவர் உலகம் பூராவும் சொல்லியிருக்கிறார், ஒரு புத்தகம் நல்லா இருந்ததால ராமேஸ்வரத்துக்காரனா ஆகவேண்டியவன் பொன்மலைக்காரனா நிக்கிறேன்டா என்று. எல்லோரும் சிரிப்பார்கள், முதலைக்குச் சிரிக்கிற அதே சிரிப்பு. அவருடைய கல்யாணத்துக்கு வந்த சித்தி பந்தியில், அன்னைக்கு அவ்வளவு கூப்பிட்டேனே ராசா, காதுல விழவே இல்லையா, என்று கேட்டாள். சாம்பார் வாளியோடு வந்த அக்காவின் கரண்டி ஒரு இலைக்கு மேல் அப்படியே நின்றது. அது ஏன் இப்போது ஞாபகம் வருகிறது? கரண்டி நின்றது. சொட்டுச் சொட்டாக இலையில் விழுந்தது.

வெளிச்சம். அந்த வேகன் வெளிச்சத்தில் ஏதோ இருக்கிறது, செருப்புக்குள் மணல் மாதிரி, என்னவென்று உதறிப் பார்க்க வேண்டும். கதவில் ஒரு விரல் இடைவெளி. அது வழியாக வெயில் ஒரு கோடாக உள்ளே விழுந்து வேகன் தரையில் கிடந்தது, அவன் அதன்மேல் கட்டைவிரலை வைத்து விளையாடினான். கோடு நகர்ந்தது. சுவரில் ஏறிற்று. குன்று வெயிலை மறைக்க மறைக்க மெலிந்து நூலாயிற்று. அப்புறம் இல்லை. நல்லமுத்து சோற்றுப் பசை தடவுகிறபோது கோடு இருந்ததா? இருந்தது. ரிவெட்? ரிவெட் வரும்போது அவனுக்கு அக்காவின் முகம் தெரியவில்லை. அவன், இருட்டா இருக்குக்கா, என்றான், அவள், உஷ், கதையிலயும் இப்ப இருட்டு, என்றாள். முகமே தெரியாத இருட்டில், முதுகால் கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தவள், பொடி எழுத்தை எப்படி வாசித்தாள்? ஆனால் வாசித்தாள், தாள் திருப்பினாளே, சத்தம் கேட்டதே, சரக், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சரக், ஒரே சீராக. தைரியநாதன் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார். முற்றிற்று. மேலே பூ, கீழே பூ. குறிப்புக்காரா, நீ யோக்கியன்தான் ஐயா, நீ எதையும் விடவில்லை. அவள் வண்டி ஊதுவதற்காகக் காத்திருந்தாள். அதுவரைக்கும் கதை முடியக் கூடாது. கோந்து, பசை, ரிவெட், வெளியே நடக்கிறவள், பதில் சொன்னால் கல். பன்னிரண்டு வயதுப் பெண், ஒரு கையில் தம்பியின் மணிக்கட்டு, இன்னொரு கையில் தெரியாத பக்கம். அப்படியானால் சித்தி. அது சித்தி. வா ராசா. உள்ளேதான் இருந்தேன் சித்தி, கேட்டது சித்தி. இல்லை, இரு, இதுவும் கதையா? இதையும் இந்த நிமிஷத்தில் நானே கட்டுகிறேனா, வேண்டியதற்கேற்ற மாதிரி, தோணி பரிசலான மாதிரி? கட்டுகிறவனுக்கு வெளிச்சத்தை ஒரு நூலாக்குவது பெரிய வேலையா? திங்கட்கிழமை. நரம்பு.

“டேய் தைரியம்.” அவர் திடுக்கிட்டார். “அந்தப் பென்ஷன் ரூல்ஸையாவது வாய்விட்டுப் படிடா. கண்ணைப் பொத்திக்கிட்டு உக்காந்தா கண்ட நெனப்பும் வருது. கத்தி வைப்பாங்களா, லேசரா, என்ன எழவுன்னு ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறா அந்தப் பொண்ணு.” “பயமா இருக்காக்கா?” “படின்னா படி.” மணி உருட்டுகிற விரல் இன்னும் நின்றபடிதான் இருந்தது. தைரியநாதன் கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். புத்தகத்தில் எந்தப் பக்கம் திறந்திருந்ததோ அதையே பிடித்துக்கொண்டு, பூவுக்கும் பூவுக்கும் நடுவில் பார்வையை வைத்து, தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்க, வாசிக்கிற குரலில் ஆரம்பித்தார். “எல்லாக் கால்களையும் திருப்பிக் கொடுத்த பிறகும் காட்டிடம் ஒரு கால் மிச்சம் இருந்தது. அது யாருடைய கால் என்று யாருக்கும் தெரியவில்லை.” ஓரக்கண்ணால் பார்த்தார். அக்காவின் முகத்தில் ஒன்றும் இல்லை. மூடின இமை மூடினபடி. அவர் நிறுத்தாமல் போனார். நல்லமுத்து காலைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலேறினான். டிக்கெட் பரிசோதகர், காலுக்கு அரை டிக்கெட் எடுத்தாயா, என்றார். இது அவர் இப்போது சேர்த்தது, சும்மா இருக்க முடியவில்லை. குன்று அழுதது. கோந்து விழுந்தது. அக்கா அசையவில்லை. தூங்கிவிட்டாளா? பென்ஷன் ரூல்ஸ் இப்படியா இருக்கும் என்றுகூடக் கேட்கவில்லையே. ஒன்றும் ஞாபகம் இல்லை அவளுக்கு, எவனோ எழுதின கதை, எவனோ வாசிக்கிறான். சோற்றுப் பசை. அவர் ஒரு தரம் இருமிவிட்டுத் தொடர்ந்தார். எதிர் பெஞ்சில் நெற்றிப் பிளாஸ்திரி போட்ட ஒரு பெரியவர் மூடின கண்ணோடு இந்தப் பக்கம் காதைச் சாய்த்திருந்தார். பாய்லர் ஷாப்பில் ரிவெட் அடித்தார்கள், பாதி நின்றது. “மாலை வருகிற வரைக்கும் நல்லமுத்து வேகனுக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று மலை சொல்லிற்று. வெளியே ஒருத்தி வருவாள், அவள்...” புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பூவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“டேய்,” என்றாள் பிலோமி அக்கா, கண்ணைத் திறக்காமல், உதட்டை அசைத்தும் அசைக்காமலும்.

“என்னக்கா?”

“பக்கத்தைத் திருப்புடா. எம்புட்டு நேரமா ஒரே பக்கத்தைப் படிக்கிறே? கேக்குறவனுக்குச் சந்தேகம் வந்துடாது?”

தைரியநாதன் திருப்பினார். சரக்கென்றது. பாடபேதங்கள் என்று கொட்டை எழுத்தில் தொடங்கி அந்தப் பக்கம் பூராவும் அவர் கண்ணில் நீந்திற்று, சொட்டு மருந்து அவருக்கு விட்ட மாதிரி. ஹாலின் அந்தக் கோடியில் கதவு திறந்து சிஸ்டர் பெண் கையில் சீட்டோடு எட்டிப் பார்த்தாள். “பிலோமினா! பிலோமினா யாரு? வாங்கம்மா!”

அக்காவின் கை வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது. சில்லென்று இருந்தது.

“பதில் சொல்லாதே,” என்றாள். “மேலே வாசி.”